நாக்கு நமைக்காத பிரண்டைத் துவையல்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வேலியெங்கும் பிரண்டை புதுக்கொழுந்து விட்டுத் தழைத்து நிற்கும். துவையலுக்கு ஏற்ற பருவம் அதுவே. ஆனால் நான் முதன்முறை அரைத்த துவையலை வீட்டில் எவராலும் இரண்டு வாய்க்கு மேல் உண்ண இயலவில்லை; தொண்டை வரை நமைத்தது. பிரண்டைச் சாற்றிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே அதற்குக் காரணம்.

நுனியிலிருந்து மூன்று, நான்கு கணுக்கள் வரை மட்டும் பறியுங்கள். நகத்தால் கிள்ளினால் ஒடிய வேண்டும். வளைந்தால் அது முற்றல். கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு, கைகளில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுக்களை வெட்டி எறிந்து, நான்கு விளிம்புகளிலும் உள்ள நாரை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

இரண்டு கைப்பிடித் துண்டுகளுக்கு இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, ஆறு காய்ந்த மிளகாய், சிறிது பெருங்காயம் ஆகியவற்றை எண்ணெயில் சிவக்க வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள்.

நான் தவறியது அடுத்த படியில்தான். மற்றக் காய்களைப் போல நிறம் மாறியதும் இறக்கிவிட்டேன். பிரண்டைக்கு அது போதாது. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில், சிறு தீயில், பச்சை வாசனை முற்றிலும் அகன்று, துண்டுகள் பாதியாகச் சுருங்கிப் பழுப்பேறும் வரை பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் பொறுமையாக வதக்க வேண்டும். இறக்குவதற்குச் சற்று முன் பெரிய நெல்லிக்காய் அளவு புளியைச் சேர்த்துப் புரட்டுங்கள். புளியைக் குறைத்த நாள்களிலெல்லாம் எனக்கு நமைச்சல் மிஞ்சியிருக்கிறது.

ஆறியபின் கல் உப்புடன் அரைக்கலாம். அம்மியில் அரைத்த துவையலின் கொரகொரப்பு மிக்சியில் வருவதில்லை என்பது என் உறுதியான கருத்து. மிக்சிதான் உண்டெனில், பருப்பையும் மிளகாயையும் முதலில் பொடித்து, பிரண்டையைப் பின்னர் சேர்த்து, தண்ணீரைத் தெளிக்க மட்டும் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: எண்ணெய் தடவியும் கை நமைத்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தபோது, ஈரக் கையில் எண்ணெய் தடவியிருந்தது தெரிந்தது. ஈரத்தின் மேல் எண்ணெய் ஒட்டாது. கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் சேர்க்கலாமா என்று மற்றொருவர் கேட்டிருந்தார். சேர்க்கலாம், காரம் தணியும். ஆனால் அன்றைக்கே உண்டு முடித்துவிட வேண்டும்.