வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் சட்டம் படிக்க: எங்கிருந்து தொடங்குவது?

நாற்பதைத் தாண்டியவர்கள் சட்டம் படிக்க ஆசைப்பட்டால் முதலில் கேட்பது, "இந்த வயசுல மண்டையில ஏறுமா?" என்பதைத்தான். தாராளமாக ஏறும். நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே தபால் வழியில் படித்து, 1989-இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது எழுபது.

படி 1: பட்டம் எதற்கு?

பணம் கட்டுவதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சட்ட அறிவுக்காகவா, பதவி உயர்வுக்காகவா, கோர்ட்டில் வாதாடவா? வாதாடத்தான் என்றால், எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டு பார் கவுன்சிலின் விதியைப் படியுங்கள். இந்தியாவில் தொலைநிலையில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. கல்லூரி விளம்பரத்தில் இது கண்ணில் படாமல் போகலாம்.

படி 2: நேரம்

தினமும் ஒரு மணி நேரம், ஒரே வேளையில். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பாடம் மலையாகக் குவிந்துவிடும்.

படி 3: தீர்ப்பைப் படிக்கப் பழகுங்கள்

புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான். கதைப் புத்தகம் போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டினால் ஒன்றும் நிற்காது. ஒரு தாளில் நான்கு தலைப்புகள் போடுங்கள்: நடந்தது, கேள்வி, முடிவு, காரணம்.

ஒப்பந்தச் சட்டத்தில் எல்லோரும் படிக்கும் 1893-ஆம் ஆண்டு கார்லில் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 'எங்கள் புகை உருண்டையைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம்' என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. (புகை உருண்டை என்பது மூக்கில் உறிஞ்சும் ஒரு மருந்துக் கருவி.) கார்லில் அம்மையார் அப்படியே பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். கேள்வி: விளம்பரம் முன்மொழிவு (offer, அதாவது எதிராளி ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தமாகிவிடும் வாக்கு) ஆகுமா? முடிவு: ஆகும், பணம் தர வேண்டும். காரணம்: சொன்னதைச் செய்து முடித்ததே ஏற்பு, தவிர, 1000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகக் கம்பெனியே விளம்பரத்தில் சொல்லியிருந்ததால், விளையாட்டுக்குச் சொன்னோம் என்று தப்பிக்க முடியவில்லை.

அவ்வளவுதான், அரைப் பக்கம். இப்படி நீங்களே எழுதியது மறக்காது. கடையில் விற்கும் நோட்ஸை நம்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

படி 4: எழுதுங்கள்

தேர்வில் "கார்லில் வழக்கை விவரி" என்று மட்டும் கேட்க மாட்டார்கள். 'காணாமல்போன நாயைக் கண்டுபிடித்தால் பரிசு என்று ஒருவர் அறிவிக்கிறார். அறிவிப்பே தெரியாத ஒருவர் நாயைக் கொண்டுவந்து விடுகிறார். பரிசு கேட்கலாமா?' என்று கேட்பார்கள். பிரச்சினை என்ன, சட்டம் என்ன, அது இங்கே எப்படிப் பொருந்தும், முடிவு என்ன: இந்த வரிசையில் எழுதுங்கள். தெரியாத முன்மொழிவை ஒருவர் எப்படி ஏற்க முடியும்? 1913-இல் லால்மன் சுக்லா வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆக, கேட்க முடியாது.

வாரம் ஒரு பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்வியாவது எழுதிப் பாருங்கள். தேர்வு பேனாவில்தான் என்றால் அதையும் பேனாவிலேயே எழுதுங்கள். வருடக்கணக்கில் கீபோர்டிலேயே பழகிய விரல்கள், மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரத்திலேயே வலிக்கத் தொடங்கிவிடும்.