பீருக்கு மதிப்பெண் போடும் முன்: சுவைப்பதிலும் விமர்சனம் எழுதுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ரௌக்பியரைக் குடித்துவிட்டு "ஒரே புகை நாற்றம்" என்று எழுதி ஒரு நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் உண்டு. மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) பீச் மரக்கட்டைப் புகையில் உலர்த்தி, அந்த வாசனை வந்தே தீரவேண்டும் என்று காய்ச்சுகிற பீர் அது. புகை வாசனை ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது அவரவர் நாக்கு. ஆனால் விமர்சனத்தைப் படிக்கிறவருக்கு அந்த பீர் நன்றாகக் காய்ச்சப்பட்டதா, சொதப்பலா என்பது கடைசிவரை தெரியாது. கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் காய்ச்சும் பீர்) விமர்சனங்களில் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான்: காய்ச்சியவர் எந்த வகையை மனதில் வைத்துக் காய்ச்சினார் என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடுவது.

ஏனென்றால், ஒரு வகையில் அழகாக இருப்பது இன்னொரு வகையில் கோளாறு. ஹெஃபவைட்சன் என்ற ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமோ மசாலாவோ எதுவும் சேர்ப்பதில்லை. ஐசோஅமைல் அசிடேட், 4-வினைல் குவாயகால் என்ற சேர்மங்களை நொதிக்கும்போது அதன் ஈஸ்ட்டே உண்டாக்கிக்கொள்கிறது. அதே வாழைப்பழ வாசனை பில்ஸ்னரில் (குளிரில் நொதிக்கவிடும் லாகர் குடும்பத்து வெளிர் பீர்) தூக்கலாக வந்தால் நொதித்தலில் ஏதோ தவறு நடந்திருக்கிறது. நியூ இங்கிலாந்து ஐபிஏ (ஹாப்ஸ் என்ற பூவின் மணம் தூக்கலான பீர்) கலங்கலாகத்தான் இருக்கும், வடிகட்டிய ஜெர்மன் பில்ஸ்னர் பளிச்சென்று இருக்க வேண்டும். டயசெட்டைல் என்ற சேர்மம் தருகிற வெண்ணெய் வாசனை செக் நாட்டு லாகரில் லேசாக இருந்தால் குற்றமில்லை, ஜெர்மன் பில்ஸ்னரில் இருக்கவே கூடாது. பெர்லினர் வைஸவும் பெல்ஜியத்துக் கூஸும் புளிக்கும். கெட்டுப்போனதால் அல்ல, அப்படித்தான் செய்கிறார்கள். கோஸ என்ற பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் கூட உண்டு. இதெல்லாம் தெரியாமல் குடித்தால் அதிர்ச்சிதான் மிஞ்சும்.

பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பு வெளியிடும் வகை விளக்கக் கையேடு இதற்கு நல்ல துணை. 1985இல் அமெரிக்காவில் தொடங்கியது அந்த அமைப்பு. 2021 பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. குடிக்கப்போகும் வகைக்கு உரிய பகுதியை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். அதையே வேதமாக வைத்துக்கொண்டு, வகைக்குள் அடங்காத பீரையெல்லாம் மட்டம் தட்டுவதும் தவறுதான். போட்டிக்கு வருகிற பீருக்குத்தான் அந்தக் கண்டிப்பு.

அடுத்தது குளிர்ச்சி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில், ஐஸ் படிந்த கிளாஸில் ஊற்றி, ஒரு வாய் குடித்து, "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று எழுதுவார்கள். கடும் குளிரில் வாசனைச் சேர்மங்கள் ஆவியாவது குறைகிறது, நாக்கும் மரத்துப்போகிறது. வெளிர் லாகருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ் சரி. பெரும்பாலான ஏல்களுக்கு (லாகரைவிட வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர்களுக்கு) 8 முதல் 12 டிகிரி வேண்டும். இம்பீரியல் ஸ்டவுட், பார்லிவைன் போன்ற கனத்த பீர்கள் 12, 13 டிகிரியில்தான் வாய் திறந்து பேசும். வெப்பமானி தேடி அலைய வேண்டாம். ஸ்டவுட்டை ஊற்றி வைத்துவிட்டு, இடைவெளி விட்டு இரண்டு முறை குறிப்பெழுதினால் வித்தியாசம் தானாகத் தெரியும். பிரிட்டனில் காஸ்க் ஏலை (பீப்பாயிலேயே முதிரவிட்டுத் தரும் ஏல்) குடித்துவிட்டு "சூடாக இருக்கிறது, கேஸே இல்லை" என்று புலம்புகிறவர்கள் ரௌக்பியர்காரருக்கு உறவு. அதை 12 டிகிரி வாக்கில், குறைந்த வாயுவோடு தருவதுதான் முறை.

கிளாஸைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலிலிருந்தோ கேனிலிருந்தோ நேராகக் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும். ஊற்றியதும் கிளாஸின் உள்சுவரில் ஆங்காங்கே குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமில்லை; அந்த நுரைக்கு பீரைத் திட்டக் கூடாது.

ஊற்றியவுடன் முகர வேண்டும், சில வாசனைகள் சீக்கிரம் பறந்துவிடும். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக முகர்ந்தால் மூக்கு களைக்காது. அப்புறம், நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்கிற பழைய படத்தை மறந்துவிடலாம். நாக்கு முழுக்க எல்லாச் சுவையும் தெரியும். ஒயின் சுவைப்பவர்கள் போலத் துப்பிவிடாமல் பீரை விழுங்குவதற்குக் காரணம் வேறு. விழுங்கி மூச்சை மூக்கு வழியாக விடும்போதுதான் உள்வாசனையும், கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் பிடிபடும்.

விழுங்குவதால் இன்னொரு சிக்கல். ஒரே அமர்வில் பத்துப் பன்னிரண்டு பீர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பின்பாதி மதிப்பெண்களை நான் நம்புவதில்லை. லேசானதில் தொடங்கிக் கனத்ததில் முடிக்க வேண்டும். டபுள் ஐபிஏ குடித்த வாயில் கோல்ஷ் என்ற மெல்லிய ஜெர்மன் பீர் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். ஒவ்வொன்றிலும் 60 முதல் 90 மில்லி போதும், நடுவில் தண்ணீர், வெறும் ரொட்டி. காரமான நொறுக்குத்தீனி வேண்டவே வேண்டாம்.

இனி, பலரும் யோசிக்காத ஒன்று: கையில் இருப்பது காய்ச்சியவர் அனுப்பிய அதே பீர்தானா? வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் உடைந்து கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகும். ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் அதற்கு. பச்சை பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் இதைத் தடுப்பதில்லை, பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், கேனில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆக்சிஜன் சேர்ந்து பழசானால் ஈர அட்டைப்பெட்டி வாடை. ஐபிஏயின் ஹாப்ஸ் மணம் சில மாதங்களிலேயே மங்கிவிடும், குளிரில் வைக்காவிட்டால் இன்னும் சீக்கிரம். தேதி பார்க்காமல், எட்டு மாதப் பழைய ஐபிஏயைக் குடித்துவிட்டு "ஹாப்ஸ் போதவில்லை" என்பது நியாயமா? குழாயிலிருந்து வரும் பீரில் புளிப்போ வெண்ணெய் வாடையோ எதிர்பாராமல் வந்தால், அந்தக் கடையின் குழாய்களில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். ஆலை பழி சுமக்கும், குழாய் கழுவாதவர் தப்பித்துக்கொள்வார்.

லேபிளில் உள்ள எண்களும் ஏமாற்றும். ஐபியு என்பது கசப்புப் பொருள் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற அளவு, வாயில் எவ்வளவு கசக்கும் என்பது அல்ல. 60 ஐபியு உள்ள இம்பீரியல் ஸ்டவுட்டில் மால்ட்டின் இனிப்பு கசப்பை அமுக்கிவிடும். 40 ஐபியு பில்ஸ்னர் அதைவிடக் கூர்மையாகக் கசக்கலாம். கறுப்பு என்றால் கடும் போதை என்பதும் கட்டுக்கதை. கறுப்பான கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீத ஆல்கஹால்தான், தங்க நிறத்தில் சாதுவாகத் தெரியும் பெல்ஜியத்து டுவெல் 8.5 சதவீதம்.

மதிப்பெண்ணில் ஒரு ஓரவஞ்சனை எப்போதும் உண்டு. அழுத்தமான இம்பீரியல் ஸ்டவுட்டுக்கும் டபுள் ஐபிஏவுக்கும் நட்சத்திரங்கள் கொட்டும், 3.5 சதவீத ஆங்கிலேய மைல்ட், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நடுவிலேயே நிற்கும். ஒரு சின்னக் கோளாறுகூட ஒளிந்துகொள்ள இடமில்லாத மெல்லிய பீரைச் சுத்தமாகக் காய்ச்சுவது லேசான வேலை இல்லை. அதற்கு ஐந்து நட்சத்திரம் போடக் கை தயங்க வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, எழுதும் விஷயத்துக்கு வருவோம். "சூப்பர்", "ஸ்மூத்", "நன்றாக இறங்குகிறது" ஆகியவை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பிஜேசிபி மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளிகள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. நம் விமர்சனங்களிலோ நுரையும் நிறமும் புகைப்படமும் பாதி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. லேபிளைப் படித்துவிட்டுக் குடிப்பதும் ஆபத்து. "மாம்பழம், பைன்" என்று அச்சடித்திருந்தால் மூக்கு உடனே மாம்பழத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். வகையின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, மற்றதைக் குறிப்பெழுதிய பிறகு படிக்கலாம். கூட்டமாகச் சுவைத்தால், எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. முதலில் ஒருவர் "காபி" என்று சொல்லிவிட்டால் மேசை முழுக்கக் காபிதான்.

குறை எழுதுவதானால் கேனா, பாட்டிலா, குழாயா என்பதையும் அடைத்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் வேறு கடையில், வேறு தேதியில் அடைத்த இன்னொன்றை வாங்கிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.