சலேந்தோ கடலோரத்தில் வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலி வரைபடத்தில் பூட்ஸின் குதிகால் மாதிரி நீண்டிருக்கும் பகுதிதான் சலேந்தோ. கிழக்கே அட்ரியாட்டிக் கடல், மேற்கே அயோனியக் கடல். கிழக்குக் கரையின் ஒத்ராந்தோவிலிருந்து மேற்குக் கரையின் கல்லிப்போலிக்குக் காரில் சுமார் ஒரு மணி நேரம். இங்கே ஒரு வாரத்துக்கு வீடு எடுக்கிறவர்கள், "திங்கள் இந்தக் கடற்கரை, செவ்வாய் அந்தக் கடற்கரை" என்று கிளம்பும்போதே அட்டவணை போட்டுக்கொண்டு வருகிறார்கள். முதல் தவறே அதுதான்.

இங்கே எந்தக் கடலுக்குப் போவது என்பதைச் சொல்வது காற்று. வடக்கிலிருந்து வீசுவது ட்ரமொன்தானா, நம்முடைய வாடை மாதிரி. அது வீசும் நாளில் அட்ரியாட்டிக் பக்கம் அலை மோதிக் கலங்கிக் கிடக்கும். மேற்கே அயோனியக் கரையோ குளம் மாதிரி அடங்கியிருக்கும். தெற்கிலிருந்து ஷிரொக்கோ வீசினால் நிலைமை தலைகீழ். ஒத்ராந்தோ அருகே தங்கியிருந்தபோது இது தெரியாமல் நாங்கள் இரண்டு நாள் அலையைப் பார்த்தபடி கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டுப் பாட்டி எங்கள் துண்டையும் பையையும் பார்த்தார். "ட்ரமொன்தானா" என்று ஒரே ஒரு சொல், அப்புறம் மேற்கே கையை நீட்டினார். அன்றைக்கு அயோனியக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது கால் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. அதனால் காலையில் எழுந்ததும் காற்றின் திசையைப் பாருங்கள். கரையை அப்புறம் முடிவு செய்யலாம்.

அட்ரியாட்டிக் பக்கம் பல இடங்களில் மணல் கிடையாது, பாறைதான். பாறை இடுக்குகளில் கடல் முள்ளெலிகள் இருக்கும், மிதித்தால் முள் காலில் ஏறிவிடும். குழந்தைகளோடு போனால் தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.

அடுத்த பெரிய தவறு தூரத்தைக் குறைத்து எடைபோடுவது. மத்தேரா, அல்பெரொபெல்லோ, பொலிஞ்ஞானோ என்ற மூன்று ஊர்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். மத்தேரா பக்கத்து மாநிலமான பசிலிக்காத்தாவில் இருக்கிறது. ஒத்ராந்தோவிலிருந்து போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாறையைக் குடைந்து மக்கள் வாழ்ந்த சஸ்ஸி குடியிருப்புகள் 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. படிக்கட்டுகளில் ஏறி இறங்கி அவற்றைப் பார்க்கவே ஒரு முழு நாள் வேண்டும். என்னைக் கேட்டால் அங்கே ஓர் இரவு தங்குவதே சரி. கூம்புக் கூரை போட்ட த்ருல்லி வீடுகள் உள்ள அல்பெரொபெல்லோவுக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

மதியத்தை மறந்துவிடுவது இன்னொன்று. ஒரு மணி வாக்கில் கடைகளும் பல தேவாலயங்களும் மூடிவிடும், நான்கு ஐந்து மணிக்குத்தான் திறக்கும். இரண்டரைக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும், இரவுச் சாப்பாடு ஏழரை எட்டுக்குத்தான். அந்த நேரத்துக்கு வீட்டில் ஃப்ரிசெல்லா வாங்கி வையுங்கள். இரண்டு முறை சுட்ட கல் போன்ற ரொட்டி அது. தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, தக்காளியை மேலே தேய்த்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் விட்டால் அதுவே மதியச் சாப்பாடு. லெச்சே நகரத்துக்குச் சாயங்காலம் போவதுதான் நல்லது. அந்த ஊரின் மென்மையான மஞ்சள் கல்லில் செதுக்கிய சாந்தா குரோச்சே தேவாலய முகப்பு, சாயும் வெயிலில் தேன் நிறத்தில் இருக்கும்.

கார் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் கட்டாயம். பழைய நகரப் பகுதிகளின் வாசலில் 'இசட்டிஎல்' என்ற அறிவிப்புப் பலகை இருக்கும். அனுமதியில்லாத வண்டி உள்ளே போனால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும், அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரிந்தால் வாசல் திறந்திருக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது, நுழையாதே என்பதுதான் அதன் பொருள். வண்டி நிறுத்த வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது. கார் வேண்டாம், ரயில் போதும் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். உள்ளூர் ரயில்கள் அன்றைக்கு ஓடுவது அரிது. காகிதப் பயணச்சீட்டை ஏறும் முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும்.

ஒத்ராந்தோ தேவாலயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வருகிறவர்கள் கூரையைப் படம் எடுத்துவிட்டு, 1480-இல் துருக்கியப் படையெடுப்பில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். காலடியில் தரை முழுக்க விரிந்து கிடப்பது, 1163 முதல் 1165 வரை பந்தலெயோனே என்ற துறவி சிறு கற்களைப் பதித்து உருவாக்கிய சித்திரம். பிரமாண்டமான ஒரு மரம். அதன் கிளைகளுக்கிடையே நோவாவின் கப்பல், அலெக்சாந்தர், ஆர்தர் மன்னன், மாதங்களின் வேலைகள். தோள் மூடிய உடையில் போங்கள், உள்ளே போனதும் வாசல் பக்கமே நின்று கீழே பாருங்கள். அந்த மரத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள்.