விண்மீன் திரளின் காந்தப்புலம்: கோட்டை அம்புக்குறியாகப் படிக்காதீர்கள்

சுருள் விண்மீன் திரளின் படத்தில் கரங்களை ஒட்டி வளைந்தோடும் காந்தப்புலக் கோடுகளைக் காண்பவர்கள், தொலைநோக்கி அந்தப் புலத்தையே படம்பிடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பதிவாவது கதிர்வீச்சின் தளவிளைவு, அதாவது அலையின் அதிர்வு ஒரு குறிப்பிட்ட தளத்தில் ஓங்கியிருக்கும் தன்மை, மட்டுமே. காந்தப்புலம் அதிலிருந்து நாம் பெறும் முடிவு.

அந்த முடிவை எட்டும் வழியில் முதலில் சறுக்குவது 90 பாகைக் கணக்கில்தான். காந்தப்புலத்தைச் சுற்றிவரும் எலக்ட்ரான்கள் உமிழும் ரேடியோ அலையிலும், தூசு உமிழும் தொலை அகச்சிவப்புக் கதிரிலும் தளவிளைவு புலத்துக்குச் செங்குத்தாக இருப்பதால், தளவிளைவைக் குறிக்கும் கோட்டை 90 பாகை திருப்பினால்தான் புலத்தின் கோடு கிடைக்கும். அதே தூசின் ஊடாக வந்து தளவிளைவுற்ற விண்மீன் ஒளியில் திருப்பக் கூடாது.

இதைவிட ஆழமான தவறு, கோட்டை அம்புக்குறியாகப் படிப்பது. அடுத்தடுத்து எதிரெதிர்த் திசைகளில் ஓடும் புலங்களும் ஒரே தளவிளைவைத் தரும் என்பதால், வலுவான தளவிளைவு கிடைத்தவுடன் திரள் முழுவதும் ஒரே திசையில் ஒழுங்கான புலம் இருப்பதாக அறிவித்துவிட முடியாது. புலம் நம்மை நோக்கியா, விலகியா என்பதை ஃபாரடே சுழற்சிதான் சொல்லும்: காந்தப்புலமுள்ள அயனி வாயுவின் ஊடாக வரும் அலையின் தளவிளைவுத் தளம் திரும்புவது அது. அதுவும் பார்வைக்கோட்டின் வழியே உள்ள கூறுக்கு மட்டும்.

அந்தச் சுழற்சியையும் ஒரே அலைநீளத்தில் அளந்துவிட முடியாது. சுழற்சி அளவு (அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் தளம் திரும்பும் கோணத்தைத் தரும் எண்) சதுர மீட்டருக்கு 50 ரேடியன் என்றால், 6 செ.மீ. அலையில் தளம் ஏறத்தாழ 10 பாகை திரும்பும், 20 செ.மீ. அலையில் 115 பாகை. இரண்டே அலைநீளங்களை வைத்துக்கொண்டால், இடையில் 180 பாகை கூடுதலாகச் சுழன்றதா என்பது தெரியாது. நமது பால்வெளியே சேர்க்கும் சுழற்சியைக் கழிக்க மறப்பவர்களும் உண்டு.

தளவிளைவு குறைந்த இடத்தில் புலமே இல்லை என்று கொள்வதும் பிழை. என்ஜிசி 6946 திரளில் தளவிளைவுற்ற ரேடியோ உமிழ்வு ஒளிரும் கரங்களுக்கு இடையேதான் ஓங்கி நிற்கிறது. கரங்களில் மொத்தப் புலம் வலுவானது; ஆனால் கொந்தளிப்பால் திசை கலைந்து கிடப்பதால், ஒரு பகுதியின் தளவிளைவை மற்றொரு பகுதியின் தளவிளைவு அழித்துவிடுகிறது.

சுருள் திரள்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 10 மைக்ரோகாஸ் (காஸ் என்பது காந்தப்புல வலிமையின் அலகு; மைக்ரோகாஸ் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவிலான புல வலிமையும் பெரும்பாலும் ஓர் எடுகோளைச் சார்ந்ததே: காஸ்மிக் கதிர்களின் (விண்வெளியில் பாயும் உயர் ஆற்றல் துகள்களின்) ஆற்றலடர்த்தியும் புலத்தின் ஆற்றலடர்த்தியும் சமம் என்பது அது. எண்ணை எடுத்தாள்பவர்கள் அந்த எடுகோளையும் உடன் எழுத வேண்டும்.