என்எஃப்எல் ஆஃப்சீசன்: யாரைக் கழிப்பது, யாரைச் சேர்ப்பது என்ற வாதத்தில் ரசிகர்கள் கோட்டைவிடும் கணக்குகள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் முடிந்த கையோடு எல்லா அணி ரசிகர்களிடமும் ஒரு பட்டியல் தயாராகிவிடும்: யாரைக் கழற்றிவிடுவது, யாரை வாங்குவது, டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) யாரை எடுப்பது. அதில் பாதி நடக்கவே வழியில்லாதது. ஆட்டத்தைப் பார்ப்பதில் ரசிகர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ரைட் டேக்கிள் என்ற தடுப்பு வீரர் எந்தெந்த ஆட்டத்தில் சொதப்பினார் என்பது விரல் நுனியில் இருக்கும். பணம் எந்தத் தேதியில், எந்த ஆண்டின் கணக்கில் விழுகிறது என்பதில்தான் வாதம் சறுக்குகிறது. கீழே வரும் தொகைகள் எல்லாம் டாலரில்.

“அவரை வெட்டினால் ஒன்றரைக் கோடி மிச்சம்”

அதிகம் நடக்கும் தவறு இதுதான். வீரரின் கேப் ஹிட்டை (அணியின் சம்பள உச்சவரம்பான சேலரி கேப்பில் அந்த ஆண்டு அவர் பெயரில் எழுதப்படும் தொகை) பார்த்துவிட்டு, அவரை அனுப்பினால் அந்தத் தொகை அப்படியே கைக்கு வரும் என்று நினைப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தாண்டு ஒப்பந்தம், 3 கோடி சைனிங் போனஸ். பணம் முதலிலேயே வீரரிடம் போய்விட்டது. சேலரி கேப் கணக்கில் மட்டும் ஆண்டுக்கு 60 லட்சமாகப் பிரித்து எழுதுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் அவருடைய அடிப்படைச் சம்பளம் 90 லட்சம் என்றால், கேப் ஹிட் 1.5 கோடி. மார்ச்சில் அவரை வெட்டினால் 90 லட்சம் கணக்கிலிருந்து போகும். ஆனால் இன்னும் எழுதப்படாமல் மிச்சமிருக்கும் மூன்றாண்டு போனஸ், அதாவது 1.8 கோடி, மொத்தமாக அந்த ஆண்டிலேயே வந்து விழும். இதுதான் டெட் மனி. மிச்சம் பிடிக்கப் போய் 30 லட்சம் கூடுதல் செலவு.

உடனே “ஜூன் 1 வெட்டு போடலாமே” என்பார்கள். போடலாம்; ஜூன் 1க்குப் பின் வெட்டியதாகக் கணக்கெழுதும் முறை அது. அப்போது இந்த ஆண்டுக்கு 60 லட்சமும் அடுத்த ஆண்டுக்கு 1.2 கோடியும் என்று சுமை பிரியும். இந்த ஆண்டு 90 லட்சம் இடம் கிடைக்கும். ஆனால் அந்த இடம் ஜூன் 2 அன்றுதான் திறக்கும். மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்ட்டை (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடியவர்) வாங்க அதில் ஒரு காசுகூட உதவாது. அதோடு, இப்படி முன்கூட்டியே குறித்து அனுப்ப ஓர் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு பேர்தான் அனுமதி. டிரேடுக்கு (வீரரை இன்னொரு அணிக்கு மாற்றிக்கொடுப்பது) இந்தச் சலுகை கிடையாது. சுமையைப் பிரிக்க வேண்டுமென்றால் நிஜமாகவே ஜூன் 1 தாண்டித்தான் டிரேட் செய்ய வேண்டும்.

பிரித்தாலும் மொத்தம் குறையாது. 2024இல் ரசல் வில்சனை அனுப்பிய டென்வர் பிராங்கோஸ் 8.5 கோடி டெட் மனியைச் சுமந்தது: அந்த ஆண்டு 5.3 கோடி, 2025இல் 3.2 கோடி. வில்சனின் 2024 சம்பளத்தில் 3.9 கோடி உத்தரவாதமானது. அதனால் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை மூத்த வீரருக்கான குறைந்தபட்ச ஊதியமான 12.1 லட்சத்துக்கே எடுத்துக்கொண்டது; மீதியைக் கொடுத்தது டென்வர். எனவே “வெட்டு” என்று சொல்வதற்கு முன் இரண்டு எண்களைத் தேட வேண்டும்: எழுதப்படாமல் மிச்சமுள்ள போனஸ், இன்னும் உத்தரவாதமாக இருக்கும் சம்பளம்.

இன்னொரு சின்ன ஓட்டை. ஆஃப்சீசனில் 90 பேர் இருந்தாலும், கேப்பில் முழுதாக எண்ணப்படுவது அதிகத் தொகை கொண்ட 51 பேர் மட்டும். ஒருவரை அனுப்பினால் 52ஆவது ஆள் மேலே ஏறி எண்ணிக்கைக்குள் வந்துவிடுவார். ஆகவே மிச்சம் அவருடைய சம்பளத்தின் அளவுக்குக் குறையும். டிராஃப்ட் வீரர்கள் விஷயத்தில் இதுவே நமக்குச் சாதகம். 2025இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம். 20 லட்சம் கேப் ஹிட்டோடு வரும் புதுமுகம் 8.4 லட்சக்காரர் ஒருவரைக் கீழே தள்ளுகிறார். நிகரச் செலவு 11.6 லட்சம்தான். புதுமுகங்களுக்கான தொகை முழுவதையும் கேப் இடத்திலிருந்து கழித்துவிட்டு “கையில் எதுவுமே இல்லை” என்று புலம்புபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

“அணிக்காக அவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்”

ரீஸ்ட்ரக்சர் (சம்பளத்தை போனஸாக மாற்றி எழுதுவது) செய்தி வந்தாலே வீரரைத் தியாகி ஆக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர் ஒரு காசும் இழப்பதில்லை. வாராவாரம் வரவேண்டிய பணம் முன்கூட்டியே கைக்கு வருகிறது. பல பெரிய ஒப்பந்தங்களில் இப்படி மாற்றும் உரிமை அணிக்கே எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பதால், அவரிடம் கெஞ்ச வேண்டியதும் இல்லை. சம்பளக் குறைப்பு என்பது வேறு. அதற்கு வீரர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் வெளியே அனுப்புவோம் என்ற மிரட்டல் பெரும்பாலும் பின்னால் இருக்கும்.

ரீஸ்ட்ரக்சர் எப்படி வேலை செய்கிறது? அடிப்படைச் சம்பளம் 2 கோடி, ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டு பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சத்தை மட்டும் சம்பளமாக விட்டுவிட்டு 1.88 கோடியை போனஸாக மாற்றினால், ஆண்டுக்கு 47 லட்சம் எழுதினால் போதும். இந்த ஆண்டு 2 கோடிக்குப் பதில் 59 லட்சம், மிச்சம் 1.41 கோடி. கடைசியில் ஒரு வாய்ட் ஆண்டைச் சேர்த்தால் (அந்த ஆண்டில் அவர் ஆடப்போவதில்லை, கணக்குக்காக மட்டும் சேர்ப்பது) 1.88 கோடி ஐந்தாகப் பிரியும், மிச்சம் 1.504 கோடி. போனஸை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் பரப்ப முடியும்.

இங்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். கேப் என்பதே கட்டுக்கதை என்பது ஒரு கட்சி; தள்ளிப்போடுவது தற்கொலை என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. கொரோனாவால் 2021இல் 18.25 கோடிக்கு இறங்கிய கேப், 2025இல் 27.92 கோடிக்கு ஏறிவிட்டது. கேப் இப்படி வளரும்போது, தள்ளிப்போட்ட தொகையின் பாரம் விகிதத்தில் குறைகிறது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதைத் தெரிந்தேதான் செய்கிறது. ஆனால் யார் தலையில் தள்ளுகிறோம் என்பது முக்கியம். 26 வயது லெஃப்ட் டேக்கிள் அடுத்த நான்கு ஆண்டும் அணியில் இருக்க வாய்ப்பு அதிகம். 32 வயது ரிசீவர் விஷயத்தில், அவர் போன பிறகும் அவர் பெயரில் கணக்கு ஓடும். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஓய்வு பெற்ற பின் 2023இல் டாம்பா பே கேப்பில் அவர் பெயரில் சுமார் 3.5 கோடி நின்றது. கோப்பையை வென்று தந்தவருக்காக அதை யாரும் குறை சொல்லவில்லை. கோப்பை வராத அணிகளில்தான் இதே கணக்கு கசக்கும்.

ஒப்பந்தத் தலைப்பை நம்புவது

“நான்கு ஆண்டு, 10 கோடி” என்ற செய்தியைப் பார்த்துப் பொங்குவதற்கு முன், கையெழுத்திடும்போதே முழு உத்தரவாதம் எவ்வளவு என்று பாருங்கள். 3.5 கோடி என்றால், அது உண்மையில் இரண்டாண்டு ஒப்பந்தம். மூன்றாம் நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பத்தைப் பொறுத்தவை. காயத்துக்கு மட்டும் பொருந்தும் உத்தரவாதத்தையும் முழு உத்தரவாதத்தையும் ஒன்றாகக் கூட்டி ஏஜென்ட்கள் வெளியிடுவது வழக்கம். பிரித்துப் பார்த்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சில ஒப்பந்தங்களில் அடுத்த ஆண்டுச் சம்பளம், மார்ச்சில் லீக் ஆண்டு பிறந்த சில நாட்களில் தானாக உத்தரவாதமாக மாறும். வீரர்கள் திடீரென்று மார்ச் நடுவில் வெளியேற்றப்படுவது பெரும்பாலும் அந்தத் தேதிக்காகத்தான்.

விதிவிலக்கும் உண்டு. 2018இல் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸ் மினசோட்டாவுடன் போட்ட மூன்றாண்டு, 8.4 கோடி ஒப்பந்தம் முழுக்க உத்தரவாதமானது. அதற்கு வழி அமைத்தது முந்தைய அணியான வாஷிங்டன் அவர்மீது அடுத்தடுத்து இரண்டு முறை போட்ட ஃப்ரான்சைஸ் டேக் (ஃப்ரீ ஏஜென்டாகப் போகவிடாமல் நிர்ணயித்த தொகைக்கு ஓராண்டு பிடித்துவைப்பது). இரண்டாம் டேக் என்றால் முந்தைய தொகையின் 120 சதவீதம். மூன்றாவது போட்டிருந்தால் 144 சதவீதம், ஏறக்குறைய 3.45 கோடி ஆகியிருக்கும்.

டேக் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு. முதலாவது, “டேக் போட்டு உடனே டிரேட் செய்துவிடலாம்.” வீரர் டேக்கில் கையெழுத்திடாதவரை அவரை யாருக்கும் கொடுக்க முடியாது; அதுவரை முழுத் தொகையும் நம் கேப்பில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, டேக் போட்டால் வீரர் எப்படியும் வந்து ஆடுவார் என்பது. 2018இல் லெவியான் பெல் ஒரு சீசன் முழுவதும் பிட்ஸ்பர்க் பக்கமே வரவில்லை.

டிரேடும் டிராஃப்டும்

டிரேட் ஆகும் வீரரின் சம்பளம் வாங்கும் அணிக்குப் போகிறது. பழைய போனஸ் விற்கும் அணியிடமே தங்குகிறது. 2025 மார்ச்சில் டீபோ சாமுவேலை ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்காக வாஷிங்டனுக்குக் கொடுத்த சான் பிரான்சிஸ்கோவின் கணக்கில் 3.1 கோடிக்கு மேல் டெட் மனி விழுந்தது. இவ்வளவு மலிவாகவா கொடுப்பது என்று கேட்பவர்கள், அவரது சம்பளத்தையும் வயதையும் சேர்த்து எடை போட வேண்டும்.

நான்காம் சுற்றுத் தேர்வுகள் மூன்றைக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கும் கற்பனை டிரேடுகளுக்குக் குறைவே இல்லை. டாலஸ் பயிற்சியாளராக இருந்த ஜிம்மி ஜான்சன் காலத்து, தேர்வுகளுக்குப் புள்ளி போடும் மதிப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டால், முதல் தேர்வு 3000 புள்ளி, 32ஆவது 590. 101, 102, 103ஆவது தேர்வுகள் 96, 92, 88. மூன்றும் சேர்ந்து 276. அதற்கு ஈடாகக் கிடைப்பது 63ஆவது தேர்வு, அதே 276 புள்ளி. அதாவது இரண்டாம் சுற்றின் கடைசிப் பகுதி. அடுத்த ஆண்டுத் தேர்வைக் கொடுப்பதானால், வழக்கமாக ஒரு சுற்று குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள்.

ஃப்ரீ ஏஜென்ட்களை இழந்த அணிக்கு லீக் தரும் ஈட்டுத் தேர்வுகளிலும் குழப்பம் உண்டு. நம் ஃப்ரீ ஏஜென்ட் போய்விட்டால் மூன்றாம் சுற்றுத் தேர்வு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். போனவர்களையும் வந்தவர்களையும் கழித்து, நிகர இழப்புக்குத்தான் அது கிடைக்கும். ஒரு பெரிய வீரரை இழந்து அதே தரத்தில் இன்னொருவரை வாங்கினால், இரண்டும் ஈடாகிவிடும். ஆனால் வேறு அணி வெட்டி அனுப்பிய வீரரை வாங்கினால் கணக்கில் சேராது. டிராஃப்டுக்கு அடுத்த திங்கட்கிழமை தாண்டிக் கையெழுத்திடுபவரும் சேரமாட்டார். மே மாதத்தில் திடீரென்று மூத்த வீரர்கள் வரிசையாக வேலைக்குச் சேர்வதற்கு இதுதான் காரணம்.

இளம் வீரருக்கு “இப்போதே நீண்ட ஒப்பந்தம் கொடு” என்று கேட்பதற்கும் காலம் உண்டு. டிராஃப்டில் வந்தவர் மூன்று சீசன் முடிக்காமல் ஒப்பந்தத்தை மாற்ற முடியாது. 2022இல் 262ஆவது ஆளாக, கடைசித் தேர்வாக சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டி, அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோன ஆண்டிலும் சொற்பச் சம்பளத்தில்தான் ஆடினார். 2025 மே மாதம்தான் ஐந்தாண்டு, 26.5 கோடி ஒப்பந்தம் கைக்கு வந்தது.

“பிராக்டிஸ் ஸ்குவாடில் ஒளித்து வைக்கலாம்”

ஆகஸ்ட் இறுதியில் 90 பேர் 53 ஆகும்போது கேட்கும் வசனம் இது. பிராக்டிஸ் ஸ்குவாட் என்பது அந்த 53 பேருக்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் குழு. நான்கு சீசனுக்குக் குறைவாக அனுபவம் உள்ளவரை வெட்டினால் அவர் வெய்வர்ஸ் வழியாகப் போக வேண்டும். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரைத் தூக்கிக்கொள்ளலாம். எடுக்கும் அணி அவரைத் தன் 53 பேரில் வைக்க வேண்டும் என்பதால் ஆறாம், ஏழாம் சுற்று ஆட்களில் பலர் தப்பிவிடுவார்கள். ஆனால் அவர் குவார்ட்டர்பேக்காகவோ உயரமான கார்னர்பேக்காகவோ இருந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம். தப்பி வந்து பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்ந்தாலும், எந்த வாரத்திலும் இன்னொரு அணி தன் 53 பேரில் சேர்த்துக்கொண்டு போகலாம்.

கடைசி ஐந்தாறு இடங்களுக்கு ரசிகர்கள் போடும் பட்டியலில் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு இறங்கும் குழுக்கள்) என்ற பேச்சே இருக்காது. அணிகளோ அந்த இடங்களை அதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. ஐந்தாவது ரிசீவர் யார் என்று தெரிய வேண்டுமா? ப்ரீசீசன் ஆட்டங்களில் அவர் எத்தனை பந்து பிடித்தார் என்பதோடு, முதல் பாதியில் பண்ட் கவரேஜில் (எதிரணிக்கு உதைத்த பந்தை எடுத்து ஓடுபவரை மடக்குவது) வெளிப்பக்கம் யார் ஓடுகிறார், கிக்ஆஃப் அணியில் யார் நிற்கிறார் என்பதையும் பாருங்கள். நான்காம் கால்பகுதியில் 80 யார்டு பிடித்தும் கவரேஜில் ஒரு முறைகூட இறங்காதவரின் பெயர், செவ்வாய்க்கிழமை வெளியாகும் வெட்டுப் பட்டியலில் இருக்கத்தான் அதிக வாய்ப்பு.