அனல்மின் நிலையம் மூடும் முன் பெயர்ப் பட்டியல் எடுங்கள்: வடசென்னையில் நியாயமான பசுமை மாற்றம் கேட்பது எப்படி

2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. ராயபுரம் பக்கம் மூச்சு விட்டார்கள். கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது, தூசியும் கூடவே போனது. 2017 மார்ச் 31-ல் 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 2024-ல் கொஞ்சம் வடக்கே, அத்திப்பட்டில், 800 மெகாவாட் அலகு திறக்கப்பட்டது. இதில் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து மூடப்படும் நிலையத்தில் நிரந்தர ஊழியருக்கு மாற்றல் உத்தரவு வரும். ஒப்பந்தத் தொழிலாளி, சாம்பல் லாரி ஓட்டுபவர், கேட்டுக்கு எதிரே டிபன் கடை வைத்திருக்கும் அக்கா, கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர் ஆகியோரின் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது. கரியை விட்டு மாறும்போது இவர்களையும் கைவிடாமல் இருப்பதுதான் நியாயமான பசுமை மாற்றம். அதனால் கோஷத்துக்கு முன்னால் பட்டியல்.

பெயர்ப் பட்டியல் எடுப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். கணக்கெடுப்பை அந்த 61 நாளில் வையுங்கள். இருவர் ஒரு குழு: ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். ஒரு மாலைக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் போனால் பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி வர ஆரம்பிக்கும். கேட்பவர் களைத்துவிட்டார் என்று அர்த்தம்.

"என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்காதீர்கள். "கூலி வேலை" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "நேத்து எங்க வேலை? கூலி யார் கையால வந்துச்சு? போன மழைக்காலத்துல எத்தனை நாள் வேலை இல்ல?" என்று கேளுங்கள். கேட் பாஸ் இருந்தால் இரு பக்கமும் படம் எடுங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பாஸ் மாறும், காகிதத்தில் ஆள் புதிதாகச் சேர்ந்தவர் ஆகிவிடுவார். பத்து வருடம் ஒரே கன்வேயருக்குக் கீழே கரி கூட்டியவர் பழைய பாஸைத் தூக்கிப் போட்டிருந்தால், கணக்கில் எட்டு மாத ஆள். பி.எஃப். பாஸ்புக்கில் பழைய நிறுவனங்களின் பெயர் வரிசையாக இருக்கும். பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் குறித்துக்கொண்டால் தொடர்ச்சியைக் காட்டலாம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி என்கிற 1981-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் கேட்கவும் இந்த நாள் கணக்குதான் ஆதாரம்.

மீனவர் பட்டியலைப் படகு உரிமையாளரை வைத்துத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் பங்குக்கு வலை இழுப்பவர், கூடை சுமந்து விற்கும் பெண்கள், படகே இல்லாமல் கையால் இறால் பிடித்துப் பறிக்கூடையில் போடும் இருளர்கள் எல்லாரும் விடுபட்டுவிடுவார்கள். நிவாரணப் பட்டியல்களில் தகராறு கிளம்புவதும் இங்கேதான். ஆளுக்கு ஒரு வரி, குடும்பத்துக்கு ஒரு வரி அல்ல; கணவன் பெயரில் மனைவியின் தொழில் மறையக் கூடாது.

ஆதார் எண் வாங்காதீர்கள். தேவையில்லை, வெளியே கசிந்தால் வம்பு. முடிந்த பட்டியலைக் குப்பத்துப் பஞ்சாயத்தில் உரக்க வாசியுங்கள். விட்டுப்போன பெயர்கள் அங்கே தானாக வரும்.

இரண்டு கூட்டம், பிறகு ஒன்று

ஒரே வீட்டில் அண்ணன் நிலையத்துக்குள் வேலை, தம்பி ஆற்றில் வலை. தம்பிக்கு, நிலையம் ஆற்றில் விடும் வெந்நீரும் சாம்பலும் நிற்க வேண்டும். அண்ணனுக்குச் சம்பளம் நிற்கக் கூடாது. முதல் நாளே இருவரையும் ஒரே பந்தலில் உட்காரவைத்து "மூடு" என்று பேனர் கட்டினால், அடுத்த கூட்டத்துக்கு அண்ணன் வரமாட்டார். தனித்தனியாகப் பேசி, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் மூன்று நான்கு கோரிக்கைகள் கையில் வந்த பிறகு சேர்த்து உட்காருங்கள். "நியாயமான பசுமை மாற்றம்" என்ற சொல்லை மனுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் "கரி போனா நம்ம வேலை என்ன ஆவும், ஆத்த யார் சுத்தம் பண்றது?" போதும்.

காகிதம் வாங்குவது

தகவல் உரிமை மனுவில் "ஏன்" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலை ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1-லும் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அரையாண்டு அறிக்கை தர வேண்டும். கடைசி ஆறு அறிக்கைகள், ஒப்பந்ததாரர் வாரியாக ஆள் எண்ணிக்கை, சாம்பல் குளத்தில் தேங்கியிருக்கும் அளவு: இவை மூன்றும் முதல் மனுவுக்குப் போதும். நம் நாட்டுக் கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். எரித்த கரியின் கணக்கு கிடைத்தால், சாம்பல் கணக்கு பொருந்துகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். வல்லூர் நிலையம் மத்திய அரசு நிறுவனமான என்.டி.பி.சி.யும் மாநில மின் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. அங்கே வில்லை செல்லாது, 10 ரூபாய் அஞ்சல் ஆணை வையுங்கள். இந்தச் சின்ன விஷயத்தில்கூட மனு திரும்பி வரலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எல்லையையும் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர், மணலி சென்னை மாநகராட்சி. அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். ஆட்சியர் வேறு. ஊராட்சிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிப்போங்கள். பதிவேட்டில் ஏறும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

என்ன கேட்பது

"மாற்று வேலை வேண்டும்" என்று எழுதினால் மூன்று மாதத் திறன் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கிடைக்கும். இப்படி எழுதுங்கள்: "இணைப்பில் உள்ள இத்தனை பேருக்கு, அலகு நிற்கும் தேதிக்கு ஓராண்டு முன்பே, இப்போது வாங்கும் கூலிக்குக் குறையாத வேலை, 15 கிலோமீட்டருக்குள்." தூரத்தை எழுதுவது முக்கியம். 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருப்பது ராமநாதபுரத்துக் கமுதியில். எண்ணூர்க்காரர் அங்கே போய்வர முடியாது. சூரியப் பலகைப் பூங்காவுக்குக் கட்டும்போதுதான் ஆள் தேவை, ஓடும்போது கொஞ்சம் பேர் போதும். இங்கே உள்ளூரிலேயே பல ஆண்டுகளுக்கு நீளும் வேலை, சாம்பல் குளத்தைச் சுத்தம் செய்வதும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை மீட்பதும்தான். அதைக் கோரிக்கையின் தலையில் வையுங்கள். செலவு ஆலையுடையது என்பதையும் எழுதுங்கள்.

கூரைச் சூரிய மின்சாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் என்பது உண்மை. ஆனால் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத மொட்டைமாடி வேண்டும். நகர்ப்புற வாழ்விட வாரியக் குடியிருப்பில் மாடி யாருக்கும் சொந்தமில்லை. இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் வாழும் வீட்டுக்கு இதில் மிச்சமாவதும் ஒன்றுமில்லை. பொது மாடியில் வாரியமே பலகை வைத்து, அந்த மின்சாரத்தில் தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் ஓடட்டும் என்று கேட்டால் பொருந்தும்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் இது. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் தர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுத்தில் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு விஷயம், மூன்று நிமிடம், அறிக்கையின் பக்க எண்ணோடு. பேசியதை இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். "எதிர்க்கிறேன்" என்ற சொல்லைச் சொல்லாமல் குறைகளை மட்டும் அடுக்கினால், "ஆலோசனை கூறினார்" என்று பதிவாகிவிடும்.

வழக்கமாகத் தவறுவது கடைசியில். பேசி முடித்ததும் நம்மாட்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அந்த நேரத்தில் இருபது பேராவது, பேசியவற்றின் பட்டியலோடு முன்வரிசையில் இருக்கட்டும். விட்டுப்போனதை அங்கேயே எழுந்து சொல்லுங்கள், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்.

ஆலைக்கு அனுமதி வந்துவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீலைக் கூட்டத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள்.