துப்பாக்கியை விற்ற கடை மீது வழக்கு: அமெரிக்காவில் எங்கே தொடங்குவது?

அமெரிக்காவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பேராலீகலாக வேலை செய்கிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீல் வாதாடுவதற்கு முன்னால் ஆவணங்களைத் தேடிப் பிடித்து, படித்து, அடுக்கித் தருவது என் வேலை. துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான்: "சுட்டவன் ஜெயிலுக்குப் போய்விட்டான். அவன் கைக்குத் துப்பாக்கி போக வழி செய்தவர்களைக் கேட்க ஆளே இல்லையா?" கேட்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் தயாரிப்பு நிறுவனத்தைத்தான் முதலில் குறிவைக்கிறார்கள். விற்ற கடையின் கவுண்டரிலிருந்து தொடங்குங்கள் என்பேன் நான்.

காரணம் 2005 அக்டோபரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட பி.எல்.சி.ஏ.ஏ. என்ற மத்திய சட்டம். யாரோ ஒருவர் துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால், அதற்காகத் தயாரித்தவர் மீதோ விற்றவர் மீதோ இழப்பீட்டு வழக்கு போட முடியாது என்பது அதன் சாரம். விதிவிலக்குகள் சில உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உண்மையில் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, இந்த ஆளிடம் கொடுத்தால் ஆபத்து என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ கடைக்காரர் விற்றிருப்பது. இன்னொன்று, விற்பனை அல்லது விளம்பரம் பற்றிய ஒரு சட்டத்தைத் தெரிந்தே மீறியிருப்பது. அந்த மீறலுக்கும் நடந்த சாவுக்கும் நேரடித் தொடர்பும் இருக்க வேண்டும். வடிவமைப்புக் கோளாறு என்ற விதிவிலக்கை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வேண்டுமென்றே சுட்ட குற்றம் என்றால், சுட்டவரின் செயல் மட்டுமே காரணம் என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது.

முதல் வேலை, துப்பாக்கியின் சீரியல் நம்பர். போலீஸ் அறிக்கையிலோ குற்ற வழக்கின் தடயப் பட்டியலிலோ இருக்கும். துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். எந்தக் கடை, யார் வாங்கியது என்று தேடிக் கண்டுபிடித்திருந்தாலும், அந்தத் தேடல் பதிவு சிவில் வழக்குக்கு எளிதில் கிடைக்காது. டியார்ட் திருத்தம் என்ற மத்திய சட்ட விதி அதைத் தடுக்கிறது. அதனால் குற்ற வழக்கு நடக்கும்போதே அரசு வக்கீல் அலுவலகத்தில் இருக்கும் பாதிக்கப்பட்டோர் உதவியாளரிடம் பேசி வையுங்கள். கடையின் பெயர் பல நேரம் நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆவணங்களில் வெளிவந்துவிடும்.

கடை தெரிந்த அன்றே வக்கீல் மூலம் ஒரு கடிதம் போக வேண்டும்: இந்த விற்பனை தொடர்பான எதையும் அழிக்காதீர்கள் என்று. துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பித் தரும் படிவம் 4473, விற்பனைப் பதிவேடு, ரசீது, கடைக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவு, எல்லாவற்றுக்கும் மேலாக சிசிடிவி. படிவத்தைக் கடை திறந்திருக்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கேமரா பதிவு அப்படியில்லை, பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். எஃப்.பி.ஐ.யிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். இந்த ஆளுக்கு விற்கலாமா என்று அவர்கள் பார்க்கும் பின்னணிச் சோதனையில் ஒப்புதல் கிடைத்துவிட்டால், வாங்கியவரின் விவரங்கள் 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்படுகின்றன.

இனி படிவம் 4473. இதை நான் மெதுவாகத்தான் படிப்பேன். "நீங்கள்தான் உண்மையில் வாங்குபவரா?" என்ற கேள்விக்கு என்ன பதில், அடித்துத் திருத்தியிருக்கிறதா, பணம் யார் கார்டில் போனது, கூட யார் வந்தது? மில்வாக்கி நகரில் பேட்ஜர் கன்ஸ் என்ற கடை மீதான வழக்கு இப்படித்தான் நிமிர்ந்தது. 2009இல், கடையில் கைத்துப்பாக்கி வாங்க வயது போதாத 18 வயதுப் பையன் ஒருவன், 21 வயதானவனைப் பினாமியாகக் கூட்டிப் போனான். கடையில் அந்தப் பையனே தனக்கு வேண்டிய கைத்துப்பாக்கியைச் சுட்டிக்காட்டினான். பினாமியாக வந்தவன் அந்தக் கேள்விக்கு முதலில் "இல்லை" என்று குறித்தான். பிறகு அது "ஆம்" ஆனது. ஒரு மாதம் போல் கழித்து அந்தத் துப்பாக்கியால் இரண்டு போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். 2015இல் ஜூரி கடைக்கு எதிராகக் கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. அந்த ஒரு திருத்தத்தில் எவ்வளவு அடங்கியிருந்தது பாருங்கள்!

கடைக்கு யாராவது முன்பே எச்சரிக்கை சொன்னார்களா என்றும் விசாரியுங்கள். மிசௌரியில் ஒரு தாய், மனநலம் குன்றிய மகளுக்குத் துப்பாக்கி விற்காதீர்கள் என்று கடைக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். பெயர், பிறந்த தேதி எல்லாம் கொடுத்தார். கடை விற்றது. அன்றே அந்தப் பெண் தன் தந்தையைச் சுட்டுக் கொன்றாள். 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை நடத்த அனுமதித்தது. பிறகு 22 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த அழைப்பு நடந்தது என்று நிரூபிக்க முடிந்ததால்தான் இது சாத்தியமானது.

பின்னணிச் சோதனை முடிவு "தாமதம்" என்று வந்திருந்தால் கவனம். பொதுவாக மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் விற்க மத்திய சட்டம் அனுமதிக்கிறது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது அப்படித்தான். அங்கே சோதனையில் தவறியது எஃப்.பி.ஐ. என்பதால், குடும்பங்கள் வழக்கு போட்டது மத்திய அரசின் மேல்; 2021இல் 8.8 கோடி டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது. தவறு எந்த மேசையில் நடந்தது என்று பார்த்து, அந்த மேசைக்குரியவர் மேல் வழக்கு போட வேண்டும்.

சரி, தயாரிப்பாளரைத் தொடவே முடியாதா? முடியும், வழி குறுகல். சாண்டி ஹூக் பள்ளியில் 2012இல் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் இழந்த பிறகு, ஒன்பது குடும்பங்கள் துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டனின் விளம்பர முறையைக் கனெக்டிகட்டின் நியாயமற்ற வணிக நடைமுறைச் சட்டத்தின்கீழ் கேள்வி கேட்டன. 2022இல் காப்பீட்டு நிறுவனங்கள் 7.3 கோடி டாலர் கொடுத்தன. ஆனால் 2025 ஜூனில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதலிய துப்பாக்கி நிறுவனங்கள் மீது மெக்சிகோ அரசு போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. துப்பாக்கி கள்ளச்சந்தைக்குப் போகிறது என்று பொதுவாகத் தெரிந்திருந்தது போதாது, குற்றத்துக்கு உடந்தை என்று காட்ட வேண்டும் என்றது. நியூயார்க், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் துப்பாக்கித் தொழிலுக்கென்றே தனிப் பொறுப்புச் சட்டம் இயற்றியிருக்கின்றன. உங்கள் மாநிலத்தில் உண்டா என்று வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

அப்புறம் வழக்கு போடுவதற்கான காலக்கெடு. டென்னசியில் பொதுவாக ஒரு வருடம், டெக்சாஸ், கலிஃபோர்னியாவில் இரண்டு. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுவது கொடுமை. கடிகாரம் அதற்காக நிற்கும் என்று எண்ணாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு யார் தலையில்? கொலராடோவின் ஆரோரா நகரில் 2012இல் நடந்த திரையரங்குத் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோர், துப்பாக்கி ரவைகளை இணையத்தில் விற்ற நிறுவனத்தின் மேல் வழக்கு போட்டார்கள். தள்ளுபடியானது மட்டுமில்லை, கொலராடோவின் அன்றைய சட்டப்படி 2 லட்சம் டாலருக்கு மேல் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அந்த விதியைக் கொலராடோ 2023இல் நீக்கிவிட்டது. உங்கள் மாநிலத்தில் அதுபோல ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.